தேய்ந்த திருவுடைகளும் பீடத் துணிகளும்

வடநாட்டு நகரங்களில் குடியிருக்கும் நேயர்களுக்குக் காலை வேளையில் தெருவில் ஒலிக்கும் கபாடிவாலாவின் குரல் பழகிப்போன ஒன்று. பழைய செய்தித்தாள், காலிப் புட்டி, ஓட்டைப் பாத்திரம், கிழிந்த துணி யாவும் அவருடைய தராசில் ஏறி இறங்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு, தமிழர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடித் தமிழில் திருப்பலி காணும் தேவாலயம் ஒன்றில், வெள்ளையடிப்பதற்காகச் சக்ரீஸ்து அறையின் அலமாரிகளை ஒழித்தனர். ஒழித்தவர்கள் நல்ல இளைஞர்கள். பூச்சி அரித்தவை, மஞ்சள் பூத்தவை, கிழிந்தவை என்று கண்டவற்றையெல்லாம் இரண்டு மூட்டைகளாகக் கட்டி, வாசலில் வந்த வணிகரிடம் எடைக்குப் போட்டுவிட்டனர்.

மறுநாள் மகனுடன் கோயிலுக்கு வந்த தூத்துக்குடிப் பக்கத்து மூதாட்டி ஒருவர், அரக்கு நிறத் திருப்பலி மேலாடை எங்கே என்று கேட்டார். அது மணமாகிச் சில ஆண்டுகளில் இறந்துபோன தம் மகளின் கூறைப்புடவை, காஞ்சிபுரத்துப் பட்டு, பெரியம்மாவும் அவருமாக உட்கார்ந்து தைத்துக் கொடுத்தது. விடை சொல்ல வகையின்றி இளைஞர்கள் தெருத்தெருவாக ஓடி அந்த வணிகரைத் தேடிப் பிடித்தார்கள். நல்ல வேளையாகச் சரக்கு இன்னும் ஜரிகை உருக்குபவரிடம் போகவில்லை. வணிகர் வயது முதிர்ந்த முஸ்லிம் அன்பர். விவரம் கேட்டதும் மூட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். தம் மறையின் பழைய ஏடுகளைத் தாம் எடைக்குப் போடுவதில்லை என்றும், அவற்றை மண்ணில் புதைப்பது வழக்கம் என்றும் சொன்னவர், இறுதியாக ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் எரிப்பீர்களா, புதைப்பீர்களா?"

அங்கிருந்த எங்களில் ஒருவருக்கும் அதற்கு விடை தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளன் என்ற காரணத்தால் விதிகளைத் தேடிப் படித்துத் தமிழில் எழுதித் தரும் பணி என் தலையில் விழுந்தது. அப்போது தெரிந்துகொண்டவற்றையே இங்கே கூற விரும்புகிறேன். கிறிஸ்தவரல்லாத நேயர்களுக்கும் இது அயலான செய்தியாக இராது. சாமிக்குச் சாத்திய மாலையை, நிர்மாலியம் என்று கால்படாத இடத்தில் சேர்ப்பவர்கள் நாம்.

முதலில் எவை எவையென்று அறிந்துகொள்வோம். கத்தோலிக்கத் தேவாலயத்துத் துணிகளை இரண்டு இனமாகப் பிரிக்கலாம். குருவானவர் அணிபவை ஓரினம்: அல்பா எனும் நீண்ட வெள்ளங்கி, கழுத்தைச் சுற்றித் தொங்கும் ஸ்டோலா, எல்லாவற்றுக்கும் மேலே அணியும் மேலாடை, பவனிகளில் போர்த்தும் பெரும்போர்வை முதலியன. பீடத்தைச் சேர்ந்தவை மற்றோரினம். இவற்றிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. பீடத்தின்மேல் விரிக்கும் வெள்ளைத் துணி ஒன்று. அதன்மேல் அப்பமும் இரசக் கிண்ணமும் வைப்பதற்காக விரிக்கும் சதுரமான திருமேனித் துகில் ஒன்று. கிண்ணத்தைத் துடைக்கும் சிறு துகில் மற்றொன்று. திருமேனித் துகிலை நீளவாட்டில் மூன்றாகவும் அகலவாட்டில் மூன்றாகவும் மடிப்பார்கள். விரித்தால் ஒன்பது கட்டங்கள் தெரியும். அப்பத்தின் துகள் விழுந்தால் துணியின் நடுவிலேயே தங்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட மடிப்பு அது. ஆதலால் மேலாடை எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், மரியாதை வரிசையில் இந்த வெறும் பருத்தித் துகில்தான் அதற்கு முன்னே நிற்கும். எங்கள் இளைஞர்கள் பட்டை மீட்கத்தான் ஓடினார்கள். மூட்டையின் அடியில் கிடந்த பழுப்பேறிய சிறு துகில்களை எவரும் கவனிக்கவில்லை. அவையும் பட்டோடு சேர்ந்து திரும்பி வந்தது தற்செயலே.

இனி விதிகள். 1140-ஆம் ஆண்டையொட்டி இத்தாலி நாட்டில் கிராஷியன் என்னும் அறிஞர் தொகுத்த திருச்சபைச் சட்டத் திரட்டில் பழைய கட்டளை ஒன்று இடம்பெற்றுள்ளது. முதலாம் கிளமெந்து பாப்பரசர் பெயரால் அது வழங்கி வந்தபோதிலும், அவர் எழுதியதன்று எனவும் மிகவும் பிற்பட்டது எனவும் அறிஞர் கொள்வர். பீடத் துணியும் திரையும் பழமையால் நைந்துபோனால் அவற்றை நெருப்பிலிட வேண்டும். சாம்பலை ஞானஸ்நானத் தொட்டியிலோ, சுவரிலோ, தளத்தின் கீழுள்ள குழியிலோ இட வேண்டும். உள்ளே வருவோரின் காலடியில் அது மிதிபடலாகாது. இதுவே அதன் கருத்து. பிற்காலத்து வழக்கங்கள் பலவற்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது.

1917-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதனை இன்னும் நுட்பமாக ஆராய்ந்தது. அர்ச்சிக்கப்பட்ட பொருள் எப்போது அந்தத் தன்மையை இழக்கிறது? அதன் 1305-ஆவது விதி இரண்டு நிலைகளைச் சொன்னது. பொருள் பழுதுற்றோ மாற்றமடைந்தோ தன் பழைய உருவை இழந்து, உரிய பணிக்கு உதவாமற் போவது முதலாவது. தகாத காரியத்துக்குப் பயன்படுத்தப்படுவதோ, பொது விற்பனைக்கு வைக்கப்படுவதோ இரண்டாவது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அரசு அலுவலகத்தில் நாற்காலியோ மேசையோ பயனற்றதாகிவிட்டால் பட்டியல் தயாரித்து, குழு அமைத்து, ஏலத்தில் விடுவதுதான் முறையான வழி. அவ்வாறு விடாவிட்டால் தணிக்கைக்காரர் கேள்வி கேட்பார். அத்தகைய சுற்றறிக்கைகள் பலவற்றை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். இங்கேயோ ஏலத்தில் விடுவதே பொருளின் மதிப்பைப் போக்கும் செயலாக எண்ணப்பட்டது.

அத்தொகுப்பு நீங்கி, 1983-இல் புதிய தொகுப்பு வந்தது. மேற்கண்ட நுணுக்கங்கள் அதில் இல்லை. அதன் 1171-ஆவது விதி, வழிபாட்டுக்கென்று நேர்ந்தளிக்கப்பட்ட அல்லது ஆசீர்வதிக்கப்பட்ட பொருள்களை மரியாதையுடன் நடத்த வேண்டும் என்றும், அவை தனியாருக்குச் சொந்தமானவையாக இருந்தாலும் புறப்பயனுக்கோ தகாத பயனுக்கோ ஆகாது என்றும் சுருங்கச் சொல்லி முடிக்கிறது. 'புறப்பயன்' என்று நான் எழுதிய சொல்லுக்காக இரண்டு நாள் தவித்தேன். இலத்தீன் மூலத்திலுள்ள சொல், கோயிலுக்கு வெளியே நிற்பது என்னும் வேரிலிருந்து பிறந்தது. 'தீட்டு' என்று போட்டால் பொருள் கெட்டுவிடும். வெளியே இருப்பது இழிவானது என்பது அதன் கருத்தன்று. சமையலறைத் துணி இழிவானதா என்ன? ஆயினும் பீடத் துணி சமையலறைக்குப் போகலாகாது.

அப்படியானால், கிழியத் தொடங்கிய துணியை உடனே எரித்துவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. அனுபவமுள்ள கோயிற்பிள்ளைகளும் கன்னியர் மடத்துச் சகோதரிகளும் நெடுங்காலமாகச் செய்து வருவது வேறு. நம் வீட்டுப் பாட்டிமார் புடவையைத் தாவணியாக்கி, தாவணியைப் பாவாடையாக்கி, எஞ்சியதைத் தொட்டில் துணியாக்கியதை நாம் கண்டிருக்கிறோம். கோயிலிலும் அதே சிக்கனம் உண்டு. ஒரே ஒரு கட்டுப்பாடு: துணி எவ்வளவு சிறிதானாலும் அது பீடத்தின் பணியை விட்டு வெளியே போவதில்லை.

பெரிய பீடத் துணி பெரும்பாலும் முன்விளிம்பில், குருவானவரின் உடல் உராயும் இடத்தில், முதலில் இற்றுப்போகும். தொங்கும் இரு பக்கங்களும் புதிதுபோல இருக்கும். அந்தப் பக்கங்களை வெட்டிச் சிறு பீடங்களுக்கோ, காணிக்கைப் பொருள்கள் வைக்கும் சிறு மேசைக்கோ விரிப்பாக்கலாம். அதுவும் நைந்தபின் நல்ல பகுதியைப் பார்த்துக் கிண்ணம் துடைக்கும் துகில்களாகத் தைக்கலாம். பலமுறை துவைத்து மிருதுவான பழைய துணி, புதுத் துணியைவிட நன்றாக ஈரத்தை உறிஞ்சும். சுருக்கு விழுந்த இடத்தையோ ஒட்டுப்போட்ட இடத்தையோ திருமேனித் துகிலாக்கலாகாது. மடிப்பிலும் தையலிலும் துகள் தங்கிவிடும்.

மேலாடைகளின் கதை வேறு. அவற்றில் பூவேலை தாங்கும் நடுப்பட்டை ஒன்றும், அடித்துணி ஒன்றும் இருக்கும். அடித்துணி தோளிலும் மார்பிலும் கிழிந்துபோன பின்னும் பூவேலை வாடாமல் இருப்பதுண்டு. வேலை தெரிந்தவர்கள் பூவேலையை நூல் பிரித்து எடுத்துப் புதிய பட்டின்மேல் பொருத்திவிடுவார்கள். ஐரோப்பாவின் பழைய உடைகள் பல இவ்வாறு ஒன்றுக்கு மேற்பட்ட பிறவி எடுத்தவை. இங்கிலாந்தில் ஸ்டீப்பிள் ஆஸ்டன் என்ற ஊரின் கோயிலுக்குரிய, 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த பெரும்போர்வை ஒன்றைப் பிற்காலத்தில் வெட்டிப் பீடத்தின் முன்திரையாகவும் பின்திரையாகவும் தைத்தார்கள். வெட்டியது குறைதான், ஆனால் வெட்டிப் பயன்படுத்தியதால்தான் அது இன்றுவரை அழியாமல் இருக்கிறது. அதே நாட்டில் 16-ஆம் நூற்றாண்டுச் சமய மாற்றத்தின்போது எண்ணற்ற திருவுடைகள் செல்வர் வீட்டுத் திரைகளாகவும் மெத்தை உறைகளாகவும் மாறின. ஹார்ட்விக் மாளிகையில் அவ்வாறு வெட்டித் தைத்த சுவர்த்திரைகளை இன்றும் காணலாம். அழகுக்குக் குறைவில்லை. ஆயினும் பூவேலை செய்த கை எதற்காகச் செய்ததோ அந்தப் பணியிலிருந்து அது பறிக்கப்பட்டது.

எதிர்த்திசையில் நிகழ்ந்ததற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பேக்டன் என்னும் சிற்றூர்க் கோயிலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய பீடத் துணி ஒன்றை 2016-ஆம் ஆண்டு ஆடை வரலாற்று அறிஞர் எலெரி லின் கண்டார். ஆராய்ந்ததில், அது முதலாம் எலிசபெத் அரசியார் அணிந்த ஆடையின் பகுதியாக இருக்க வேண்டும் என்பது புலப்பட்டது. வெள்ளி இழை ஓடிய பட்டில் மலரும் விலங்கும் தைத்தது. அரசியின் மற்ற ஆடைகள் ஆயிரமாக இருந்தும் ஏறக்குறைய யாவும் அழிந்தன. பீடத்துக்கு வந்த துண்டு மட்டும் தப்பியது. உலக வாழ்வில் உடுத்தியது பீடத்துக்கு வருவதில் எந்தத் தடையும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். கூறைப்புடவையை மேலாடையாக்கிய மூதாட்டியின் எண்ணமும் இதுவே அல்லவா?

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்று அவசரமாக எழுவதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1960-களுக்குப் பின்பு வழிபாட்டு முறை பெரிதும் மாறியது. முன்பு பீடத்தின்மேல் மூன்று துணிகள் விரிக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு வெள்ளைத் துணி இருந்தாலே போதும். குருவானவர் இடக்கையில் தொங்கவிட்ட மானிப்பிள் எனும் துகில் 1967 முதல் கட்டாயமன்று. அடக்கப் பூசையின் கறுப்பு உடைக்குப் பதிலாக ஊதாவோ வெள்ளையோ வழக்கமாயின. 1969 ஏப்ரல் 25 அன்று இந்தியாவுக்கென்று பன்னிரண்டு மாற்றங்களுக்கு உரோமாபுரி இசைவளித்தது. அவற்றில் ஒன்று, பழைய உடைத் தொகுதிக்குப் பதிலாக ஒரே நெடும் மேலாடையும் அங்கவஸ்திரம் போன்ற ஸ்டோலாவும் அணியலாம் என்பது. திருமேனித் துகிலுக்குப் பதிலாகத் தாம்பாளத்தை வைக்கலாம் என்பதும் அவற்றுள் அடங்கும். பெங்களூரில் 1967-இல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை நிறுவி இம்மாற்றங்களுக்கு முன்னின்று உழைத்த அமலோர்பவதாஸ் அடிகளார் தமிழர் என்பது நம்மவர் நினைவில் வைக்கத்தக்கது.

இவற்றின் நன்மை தீமை இங்கே நம் பொருளன்று. விளைவை மட்டும் கூறுவேன். நாடெங்கும் கோயில் அலமாரிகளில், கிழியாமலே வேலையிழந்த உடைகள் குவிந்தன. கிழிந்ததைப் பற்றி விதி பேசும். கிழியாததை என்ன செய்வது? இதற்கு மூன்று வழிகளைக் கண்டேன். வேறு கோயிலுக்குக் கொடுக்கலாம். ஆனால் வறிய மலைநாட்டுக் கோயில்தானே என்று பூஞ்சை பிடித்ததை மூட்டைகட்டி அனுப்புவது தானமாகாது; நாம் நம் பீடத்தில் அணியத் துணிவதைத்தான் அனுப்ப வேண்டும். குருவானவர் இறந்தால் அவருக்குத் திருவுடை அணிவித்தே அடக்கம் செய்வர். சற்றுப் பழையதாயினும் சுத்தமாயுள்ள உடையை அதற்கென்று எடுத்துவைப்பது பல இடங்களில் உள்ள வழக்கம். வாழ்நாளெல்லாம் அணிந்ததை அவரோடு மண்ணுக்கு அனுப்புவதைவிடப் பொருத்தமான முடிவு அந்த உடைக்கு வேறென்ன இருக்க முடியும்? மூன்றாவது வழி, பழங்கலைப் பொருளாகப் பாதுகாப்பது.

இந்த மூன்றாவதில் சற்று நிற்க வேண்டும். எரிக்கும் முன்பு ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நலம். கோவாவில் போர்த்துகீசியர் காலத்து உடைகளில் சீனப் பட்டும் இந்தியக் கைவேலையும் கலந்திருக்கும். பழைய கோவாவில் சாந்தா மோனிக்கா மடத்தில் இயங்கும் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம், 1994-இல் ராசோல் குருமடத்தில் தொடங்கி 2002-இல் அங்கே இடம்பெயர்ந்தது. அதில் திருவுடைகளும் இடம்பெற்றுள்ளன. வத்திக்கானின் கலாசாரச் செல்வங்களுக்கான ஆணையம் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியிட்ட மடல், வழக்கொழிந்த பொருள்களையும் மதித்துக் காக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறது. கையால் தைத்த பூவேலை, உள்துணியில் எழுதிய பெயரும் ஆண்டும், கையால் நெய்த பழம்பட்டு ஆகியவற்றில் எதுவொன்று கண்ணில் பட்டாலும், தெரிந்தவரிடம் காட்டாமல் கத்தரிக்கோலை எடுக்கவேண்டாம்.

பாதுகாப்பதில் நாம் இழைக்கும் தவறுகளும் உண்டு. பிளாஸ்டிக் உறைக்குள் இட்டால் பம்பாய், கல்கத்தா மழைக்காலத்தில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பலமுறை துவைத்த கோராத் துணியில் சுற்றுவது நல்லது. மடித்து வைத்தால் மடிப்பிலேயே பட்டு நொறுங்கும். உருளையில் சுற்ற வேண்டும். ஜரிகையின்மேல் இஸ்திரிப் பெட்டியை நேரே வைக்கலாகாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் பட்டுக்கு எடை ஏற்றுவதற்காகத் தகர உப்புக்களில் தோய்த்தார்கள். அத்தகைய பட்டு எவ்வளவு பேணினாலும் கீற்றுக் கீற்றாக உடைந்துபோகும். அதை உங்கள் கவனக்குறைவு என்று எண்ணி வருந்தவேண்டாம்.

இறுதியில் துணி எதற்கும் உதவாது என்றாகும் நாள் வரும். அதை எவ்வாறு அனுப்புவது?

பீடத்தின் சிறு துகில்கள் என்றால் முதலில் அவற்றை அலச வேண்டும். 2004-ஆம் ஆண்டின் வத்திக்கான் அறிவுறுத்தல் ஒன்று, முதல் அலசலைக் கையால் செய்து அந்த நீரைச் சக்ரேரியம் எனும் தொட்டியிலோ, தகுந்த இடத்து மண்ணிலோ ஊற்றுவது பாராட்டத்தக்கது என்கிறது. அதன்பின் வழக்கம்போலத் துவைக்கலாம். இந்தத் தொட்டி பார்வைக்குச் சாதாரணத் தொட்டிபோலவே இருக்கும். அதன் குழாய் மட்டும் சாக்கடையில் சேராமல் நேரே பூமிக்குள் இறங்கும். பள்ளிக்கூட மண்டபத்தையோ பிற கோயிலையோ இரவல் வாங்கி வழிபடும் நம் தமிழ்ச் சபைகளுக்குத் தொட்டி ஏது? ஒரு செடியின் அடியே போதும். என் தாயார் எங்கள் ஊர்க் கோயில் துகில்களை மண்சட்டியில் அலசி, அந்த நீரைக் கிணற்றடியில் கொட்டாமல் பூவரசின் வேரில் ஊற்றுவதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். ஏனென்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பார்.

அடுத்தது எரிப்பது. பருத்தியும் சணல்நார்த் துணியும் சுத்தமாக எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு தலைமயிர் கருகும் நாற்றத்துடன் கரியும். ஜரிகை எரியாது, நல்ல ஜரிகையென்றால் வெள்ளி மிஞ்சும். ஆகவே எரிக்கும் முன்பு ஜரிகை, பொத்தான், கொக்கி யாவற்றையும் பிரித்தெடுக்க வேண்டும். சாம்பல் ஆறியபின் கால்படாத மண்ணில் கலந்துவிடலாம். இதற்கென்று தனிச் சடங்கு எதுவும் வேண்டுவதில்லை. அமைதியாக இருவர் மூவர் நின்று செய்தால் போதும்.

ஆனால் முன்னோர் அறியாத இடர் ஒன்று இன்று உண்டு. இன்றைய உடைகளிற் பல பாலியெஸ்டர் இழையால் ஆனவை. இயற்கை இழைகளோடு, தகுதியுடைய செயற்கை இழைகளுக்கும் இன்றைய வழிபாட்டு ஒழுங்கு இடம் தருகிறது. ஆனால் இதனை எரித்தால் சாம்பலாகாது. உருகிக் கட்டியாகி, நச்சுப் புகை எழும். புதைத்தால் மக்காது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கட்டளையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் அவமரியாதையே மிஞ்சும். இத்தகைய துணியை இயன்றவரை உள்துணியாகவும் உறையாகவும் கோயிலுக்குள்ளேயே பயன்படுத்தித் தீர்ப்பதும், சிலுவை முதலிய குறிகளைப் பிரித்தெடுத்து, உருத் தெரியாதபடி சிறு துண்டுகளாக்குவதும் தகும் என்பது என் கருத்து. அதைவிட நல்ல வழி, இனி வாங்கும்போதே பருத்தியோ பட்டோ வாங்குவது. இரண்டையும் நெய்யும் நாட்டில்தானே இருக்கிறோம்.

மேலும் பெருநகரங்களில் திறந்த வெளியில் எதையும் எரிப்பதற்கு நகராட்சி இசையாது. தில்லியின் குளிர்காலத்தில் கேட்கவே வேண்டியதில்லை. ஆங்கே புதைப்பதே பொருந்தும். கோயில் வளாகத்திலோ கல்லறைத் தோட்டத்தின் ஓரத்திலோ முழங்கால் ஆழக் குழியில், பிளாஸ்டிக் எதிலும் சுற்றாமல் இட்டால், பருத்தியும் பட்டும் தாமே மண்ணாகும்.

சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த நேயர்கள், பொருளில் புனிதம் தங்குவதாகத் தாங்கள் கொள்வதில்லை என்று கூறக்கூடும். மெய்தான். எனினும் திருவிருந்து மேசையின் விரிப்பைத் தரை துடைக்கக் கொடுக்கும் கோயிற்குட்டியாரை நான் எந்தச் சபையிலும் கண்டதில்லை.

இம்மரியாதை கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதும் அன்று. சீக்கியர் தம் மறைநூலின் முதுமையுற்ற படிகளைப் பஞ்சாபிலுள்ள கோயிந்தவாலில் தீக்கு அர்ப்பணம் செய்கின்றனர். யூதர் கடவுளின் பெயர் எழுதிய ஏடுகளை ஓரறையில் சேர்த்துவைத்துப் பின்னர்ப் புதைப்பர். நம் அரசே இதற்கு விதி வகுத்திருக்கிறது. 2002 சனவரி 26 முதல் நடப்பிலுள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பு, பழுதுற்ற தேசியக் கொடியை முழுமையாக, தனியிடத்தில், எரித்தோ அதன் கண்ணியத்துக்கு ஏற்ற வேறு முறையிலோ அழிக்க வேண்டும் என்று கூறுகிறது. 'முழுமையாக', 'தனியிடத்தில்' என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். துண்டாக்கி வீசவும் கூடாது. கூட்டம் கூட்டி வேடிக்கை காட்டவும் கூடாது. கோயில் துணிக்கும் இதைவிடச் சிறந்த வாசகத்தை நான் எழுதியிருக்க முடியாது.

அரக்குப் பட்டு மேலாடை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பிரித்துப் பார்த்ததில் தோள்பகுதி முழுதும் இழை நொறுங்கியிருந்தது. இனி அணிய இயலாது. அந்த மூதாட்டியை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினோம். எரிப்பது என்றவுடன் முதலில் அவர் உடன்படவில்லை. மகளை ஒருமுறை அடக்கம் செய்தாயிற்று என்றார். அதன்பின் எவரும் அவரை வற்புறுத்தவில்லை. இரண்டு வாரம் கழித்து அவராகவே வந்து, முந்தானைப் பகுதி நன்றாக இருக்கிறதே, அதை என்ன செய்யலாம் என்றார். ஜரிகைக் கரையைத் தனியே பிரித்து, நற்கருணைப் பேழையின் முன்னே தொங்கும் சிறு திரைக்கு ஓரமாகத் தைத்தார்கள். முந்தானையிலிருந்து திருமேனித் துகில் வைக்கும் உறை இரண்டு கிடைத்தன. நொறுங்கிய எஞ்சிய பட்டை, மூட்டையில் வந்த பழுப்புத் துகில்களோடு சேர்த்து, வளாகத்து மருதாணிச் செடியின் பின்னே குழி தோண்டி இட்டோம். மண்ணைத் தள்ளியவர் மூதாட்டியின் மகன். அலமாரியை ஒழித்த இளைஞர்களும் நின்றார்கள்.

அந்த நாளுக்குப்பின் எங்கள் சபையில் ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. எவர் துணி கொடுத்தாலும், கொடுத்தவர் பெயர், ஆண்டு, இன்ன ஊர்த் துணி என்ற மூன்றையும் பருத்தி நாடாவில் அழியாத மையால் எழுதி உள்துணியில் தைத்துவிடுகிறோம். அலமாரிக் கதவின் உட்புறம் நான் எழுதிய விதிகளின் தமிழ் வடிவம் ஒட்டப்பட்டிருக்கிறது. கோயிற்பிள்ளை ஒடிசாக்காரர் ஆதலால், அதன்கீழே அவருடைய மகள் ஒடிய மொழியிலும் எழுதிவைத்திருக்கிறாள்.